ஈடன் தோட்டத்தின் பதினாறு பேரும் ஐப்ராக்ஸின் பதின்மூன்றாம் படிக்கட்டும்

1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கழகங்களும் லீக் போட்டியொன்றில் மோதின. ஆட்டம் கோல் ஏதுமின்றிச் சமனில் முடிந்தது. அதைக் காண வந்தவர்களுள் 16 பேர் வீடு திரும்பவில்லை. இறந்தோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். இந்தியக் கால்பந்து வரலாற்றின் இருண்ட நாள் என்று அது இன்றும் குறிக்கப்படுகிறது. வங்கக் கால்பந்தை நிர்வகிக்கும் ஐ.எஃப்.ஏ. அமைப்பு ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து அன்பர் நாளாக அனுசரித்துக் குருதிக்கொடை முகாம்களை நடத்துகிறது. இறந்தவர்களை நினைத்து மன்னா தே பாடிய பாடல் வங்காளிகளின் நினைவில் நிலைத்துவிட்டது.

நினைவுகூரல் இவ்வாறு தொடர்கிறது. ஆயினும், அந்தப் பதினாறு பேரும் ஏன் இறந்தனர் என்னும் கேள்விக்குப் பொதுநினைவு அளிக்கும் விடை மீளாய்வுக்குரியது. இரண்டாம் பாதியில் இரு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டனர், நடுவர் இருவரையும் வெளியேற்றினார், அந்தச் சினம் பார்வையாளர் மாடத்துக்குத் தாவியது, கைகலப்பு மூண்டது, நெரிசலில் உயிர்கள் போயின என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை. இதில் பொய் எதுவுமில்லை. ஆனால் சினத்துக்கும் சாவுக்கும் இடையில் ஒரு கட்டடமும் ஒரு நிர்வாகமும் இருந்தன. வரலாறு அவற்றை எளிதில் கடந்து போய்விடுகிறது.

பகைமை எவ்வளவு ஆழமானது என்பதை முதலில் காண வேண்டும். மோகன் பகான் 1889-இல் தொடங்கப்பட்டது. 1911-இல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதால் அது ஒரு கழகம் என்ற நிலையைக் கடந்து தேசியப் பெருமிதத்தின் அடையாளமாயிற்று. ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920-இல் பிறந்தது. கல்கத்தாவில் குடியேறிய கிழக்கு வங்கத்தார் தாம் இரண்டாம் நிலையில் வைக்கப்படுவதாக உணர்ந்த காலம் அது. 1947-இன் பிரிவினை அந்த உணர்வைப் பன்மடங்காக்கியது. எல்லை கடந்து வந்து, நகரின் விளிம்பிலுள்ள குடியிருப்புகளில் வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய இலட்சக்கணக்கான ஏதிலியருக்கு இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒரே பொதுநிறுவனமாக அக்கழகம் விளங்கியது எனலாம். மேற்கு வங்கத்தாரைக் ‘கோட்டி’ என்றும் கிழக்கு வங்கத்தாரைப் ‘பாங்கால்’ என்றும் அழைக்கும் வழக்கு கால்பந்துத் திடலில் புதுவலிமை பெற்றது. வென்றவர் வீட்டில் எந்த மீன் சமைக்கப்படும் என்பதுகூடக் கழகச் சார்பால் முடிவாயிற்று. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால்.

1975-இன் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என வென்றபோது, தோல்வியைத் தாங்காமல் மோகன் பகான் இரசிகர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பகைமையின் எடையை இளையோர் எவ்வாறு சுமந்தனர் என்பதற்கு அது ஒரு முன்னறிகுறி. எனவே 1980-இல் கூட்டத்தின் மனநிலை எத்தகையது என்பது ஆட்ட நிர்வாகத்துக்கோ காவல் துறைக்கோ புதிய செய்தியன்று. அதை அறிந்திருந்தும், எதிரெதிர் இரசிகர்கள் ஒரே மாடத்தில் கலந்து அமர்த்தப்பட்டனர். ஈடன் தோட்டம் அடிப்படையில் ஒரு கிரிக்கெட் அரங்கம். மைதானத்துக் கழகத் திடல்கள் கொள்ளாத கூட்டத்தைக் கொள்ளும் என்பதால் பெரிய கால்பந்து ஆட்டங்கள் அங்கே நடத்தப்பட்டன. நாள் முழுதும் அமர்ந்து பார்க்கும் கூட்டத்துக்கு ஏற்ற மாடம், தொண்ணூறு நிமிடம் கொதிநிலையில் நிற்கும் கூட்டத்தை எவ்வாறு தாங்கும், கைகலப்பு மூண்டால் சம்பந்தமற்றவர்கள் எவ்வழியே வெளியேறுவர் என்ற கேள்விகளுக்கு அன்று விடை இருக்கவில்லை. ஒரு மூலையில் மூண்ட சண்டையிலிருந்து விலக முயன்றோரும் குறுகிய வழிகளில் சிக்கினர்.

இங்கே ஓர் ஒப்பீடு துணைசெய்யும். கல்கத்தா நிகழ்வுக்கு ஒன்பதாண்டு முன்னர், 1971 சனவரி 2 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரேஞ்சர்ஸ், செல்டிக் கழகங்கள் ஐப்ராக்ஸ் அரங்கில் மோதின. புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க அடையாளங்களையும் அயர்லாந்துக் குடியேற்றத்தின் கசப்பையும் சுமந்த அந்தப் பகைமை கல்கத்தாவினதை ஒத்தது. கடைசி நிமிடங்களில் செல்டிக் ஒரு கோல் அடித்தது. உடனடியாக ரேஞ்சர்ஸ் அதைச் சமன் செய்தது. ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேறியபோது பதின்மூன்றாம் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 66 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இருபது வயதை எட்டாதவர்கள். மார்க்கிஞ்ச் என்னும் சிற்றூரிலிருந்து சேர்ந்து வந்த ஐந்து பள்ளிச் சிறுவர்களும் அதில் அடங்குவர். எல்லோரிலும் இளையவனுக்கு வயது ஒன்பது.

அங்கும் உடனே ஒரு கதை பிறந்தது. செல்டிக்கின் கோலைக் கண்டு மனமுடைந்து படியிறங்கிய இரசிகர்கள், சமன் செய்த கோலின் ஆரவாரம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தனர், இறங்குவோரும் ஏறுவோரும் மோதிக்கொண்டனர் என்பது அக்கதை. பகைமையின் உணர்ச்சியே கொன்றது என்னும் விளக்கம் அதில் பொதிந்திருந்தது. விசாரணை அதை ஏற்கவில்லை. கூட்டம் முழுவதும் ஒரே திசையில், கீழ்நோக்கியே சென்றுகொண்டிருந்தது. யாரோ இடறி விழ, பின்னிருந்த நிறை முழுவதும் முன்னிருந்தோர்மீது சரிந்தது. மேலும், அதே படிக்கட்டில் 1961-இல் இருவர் இறந்திருந்தனர். 1967-இலும் 1969-இலும் பலர் காயமுற்றிருந்தனர். படிக்கட்டு மும்முறை எச்சரித்திருந்தது. எதிரணியினர் எவரும் அங்கே இல்லை, கைகலப்பும் இல்லை. கொன்றது செங்குத்தான படிக்கட்டும், அதைத் திருத்தாத நிர்வாகமும்.

இரு நகரங்களும் தம் துயரத்தைக் கையாண்ட விதம் வேறுபடுவது இங்கேதான். ஐப்ராக்ஸைத் தொடர்ந்து வீட்லி பிரபுவின் தலைமையில் அரங்கப் பாதுகாப்பு குறித்த ஆய்வு நடந்து, 1972-இல் அறிக்கை வெளிவந்தது. அடுத்த ஆண்டு அரங்க வடிவமைப்புக்கான வழிகாட்டி நூல் வந்தது. 1975-இல் விளையாட்டுத் திடல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பெரிய அரங்கங்கள் உள்ளாட்சி மன்றத்திடம் பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்பதும், எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்பதை வாயில்களின் அளவும் படிகளின் அளவுமே முடிவு செய்யும் என்பதும் அதன் சாரம். துயரம் அங்கே அளவுகோலாக மாற்றப்பட்டது. கல்கத்தாவிலோ அது சடங்காக மாற்றப்பட்டது. குருதிக்கொடையின் மேன்மையை யாரும் மறுக்கவியலாது. ஆனால் ‘கால்பந்துக்காக உயிர்நீத்தோர்’ என்று கொண்டாடும்போது, அந்த இளைஞர்கள் விரும்பி எதையும் ஈந்துவிடவில்லை என்னும் உண்மை மறைந்துபோகிறது. அவர்கள் தியாகிகள் அல்லர், சீட்டு வாங்கி ஆட்டம் பார்க்க வந்தவர்கள். தியாகம் என்ற சொல் வந்தவுடன் பொறுப்பு என்ற சொல் விலகிவிடுகிறது.

சட்டம் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கருதவும் இடமில்லை. பகை இரசிகர்களைப் பிரிப்பதையே பாதுகாப்பின் முழுப்பொருளாகக் கொண்டால் என்ன நேரும் என்பதை 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கம் காட்டியது. இரசிகர் திடலுக்குள் பாயாமல் தடுக்க எழுப்பப்பட்ட இரும்பு வேலிக்கும் பின்னிருந்து வந்த நெரிசலுக்கும் இடையில் லிவர்பூல் இரசிகர்கள் நசுங்கினர். காலப்போக்கில் இறப்பு எண்ணிக்கை 97 ஆயிற்று. இளையவனுக்கு வயது பத்து. வன்முறையைத் தடுக்கும் கருவியே தப்பும் வழியை அடைத்தது.

இந்தோனேசியாவின் மாலாங் பகுதியில் 2022 அக்டோபர் 1 அன்று நிகழ்ந்தது இன்னும் தெளிவான சான்று. அரேமா, பெர்செபாயா கழகங்களின் பகை கருதி, வருகை அணியின் இரசிகர்கள் அன்று அரங்கினுள் அனுமதிக்கப்படவே இல்லை. தம் அணி தோற்ற வருத்தத்தில் உள்ளூர் இரசிகர் சிலர் திடலில் இறங்கினர். காவலர்கள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் பார்வையாளர் மாடங்களை நோக்கியும் வீசினர். அரங்கங்களில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த இத்தகைய புகையைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. மூச்சுத்திணறி ஓடியவர்கள் குறுகிய வாயில்களில் குவிந்தனர். 135 பேர் இறந்தனர். அவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். எதிரி ஒருவர்கூட இல்லாத மாடத்தில் இத்தனை உயிர்கள் போயின என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

இளையோர் ஏன் மிகுதியாக இறக்கின்றனர்? ஆர்வ மிகுதியால் என்பது மேலோட்டமான விடை. நெரிசல் சாவுகளில் பெரும்பாலானவை மிதிபடுவதால் நேர்வதில்லை. நெஞ்சுக்கூடு விரிய இடமின்றி நின்றநிலையிலேயே மூச்சு அடைபடுவதால் நேர்கின்றன. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கினால், தனிமனிதர் தம் விருப்பப்படி அசையும் ஆற்றலை இழக்கிறார். கூட்டம் நீரைப்போல அலையெழுந்து நகர்கிறது. அந்நிலையில் உயரம் குறைந்தவர்களுக்கும் உடல்வலு குறைந்தவர்களுக்கும் முதலில் மூச்சு முட்டுகிறது. இதனுடன் பொருளியல் காரணமும் சேர்கிறது. பள்ளி, கல்லூரி வயதினர் வாங்கக்கூடிய மலிவுச் சீட்டு, அரங்கின் மிக நெரிசலான பகுதிக்கே அவர்களை இட்டுச்செல்கிறது. அவர்கள் பெரியோர் துணையின்றி நண்பர் குழுவாக வருகின்றனர். குழுவில் ஒருவர் சிக்கினால் மற்றவர் விட்டுப்போவதில்லை. ஆகவே இளையோரின் பாதுகாப்பு அறிவுரையால் தீரும் சிக்கலன்று. மலிவுப் பகுதியின் வாயில் எவ்வளவு அகலம் என்பதே அதன் முதல் கேள்வி.

1984-இல் சால்ட் லேக் அரங்கம் திறக்கப்பட்டபின் பெரும் ஆட்டங்கள் அங்கே இடம்பெயர்ந்தன. இரு தரப்பினருக்கும் தனித்தனி மாடங்கள் ஒதுக்குவது வழக்கமாயிற்று. 1997 சூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்த ஆட்டத்தைக் காண 1,31,781 பேர் கூடியதாகப் பதிவு உள்ளது. அது பெருமையாகவே சொல்லப்படுகிறது. அத்தனை பேர் எத்தனை நிமிடங்களில் வெளியேற முடிந்தது என்பது அந்தப் பெருமைக் கதையில் இடம்பெறுவதில்லை. 2012 டிசம்பர் 9 அன்று மாடத்திலிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபியைத் தாக்க, ஆட்டம் இடைவேளையோடு நின்றது. தொடர்ந்த விவாதம் பெரும்பாலும் கழகத்துக்கான தடை, அபராதம், புள்ளிக்குறைப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது.

பகைமையே ஆபத்து என்னும் கருத்தை அந்நகரத்து இளைஞர்களே ஒருமுறை பொய்ப்பித்துக் காட்டினர். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டதை எதிர்த்துப் போராட்டங்கள் பரவியிருந்தபோது, போதிய காவலர் இல்லை என்ற காரணத்தால் ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் கைவிடப்பட்டது. ஆட்டம் இல்லாதபோதும் இரு கழகங்களின் இரசிகர்களும் அரங்கின் வெளியே கூடி, நீதி கேட்டு ஒன்றாக முழங்கினர். முகமதன் ஸ்போர்ட்டிங் இரசிகர்களும் உடன் நின்றனர். மோகன் பகான் இரசிகரின் தோளில் ஈஸ்ட் பெங்கால் இரசிகர் அமர்ந்திருந்த படம் நாடெங்கும் பரவியது. அன்று காவலர்கள் தடியடி நடத்தினர்.

ஓராண்டுக்குள், 2025 சூன் 4 அன்று, பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயில்களில் 11 பேர் நெரிசலில் இறந்தனர். ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் இளையோர், பள்ளி மாணவி ஒருவரும் அதில் உண்டு. அங்கே எதிரணியே இல்லை. எல்லோரும் ஒரே அணியின் இரசிகர்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பெருங்கூட்டங்களைக் கையாள்வதற்கான வழிகாட்டியை 2014-லேயே வெளியிட்டிருந்தது. இடத்தின் கொள்ளளவு, நுழைவு வெளியேற்ற வழிகள், பொறுப்புப் பகிர்வு ஆகியன அதில் பேசப்பட்டுள்ளன. ஆனால் அது வழிகாட்டியேயன்றி, சான்றிதழ் இல்லாத அரங்கைப் பூட்டும் அதிகாரம் கொண்ட சட்டமன்று.

1980-ஐ விளையாட்டு வரலாற்றாகவும் அடையாள அரசியலின் வரலாறாகவும் படித்த ஆய்வுகள் உள்ளன. அவற்றோடு அதைக் கட்டட வரலாறாகவும் நிர்வாக வரலாறாகவும் படிக்க வேண்டியுள்ளது. எத்தனை சீட்டுகள் விற்கப்பட்டன, மாடங்களை ஒதுக்கியவர் யார், எந்த வாயில்கள் திறந்திருந்தன, அவற்றின் திறவுகோல் யாரிடம் இருந்தது என்னும் கேள்விகள் அந்தப் பதினாறு பேருக்காக இன்றும் கேட்கப்படத்தக்கவை. ஆகஸ்ட் 16 அன்று குருதி வழங்க வரிசையில் நிற்கும் இளைஞர்கள் அன்று இறந்தவர்களின் வயதை ஒத்தவர்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவர்களும் மலிவுச் சீட்டு வாங்கிக்கொண்டு அரங்கத்துக்குச் செல்லக்கூடும்.