ஒளிநாடாவில் தப்பிய அறிவிப்பாளர் குரல்

எண்பதுகளின் தூர்தர்ஷன் அறிவிப்பாளர்கள் பேசிய இந்தியை ஆராயப் புகுவோர்க்கு முதல் தடை கோட்பாடு அன்று, தரவு. அக்காலத் தொடர்கள் கிடைக்கின்றன. செய்தியறிக்கைகளும் ஓரளவு கிடைக்கின்றன. ஆனால் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் திரையில் தோன்றி, வணக்கம் கூறி, தடங்கல் நேர்ந்தால் வருத்தம் தெரிவித்த அந்த இடைப்பேச்சைப் பாதுகாக்க வேண்டிய ‘நிகழ்ச்சி’யாக எவரும் கருதவில்லை. அண்மையில் டெல்லியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்த வி.எச்.எஸ். நாடாவில் அத்தகைய பேச்சு ஆறு இடங்களில் இருந்தது. அவர் பதிய எண்ணியது ‘மகாபாரத்’ தொடரை. தொடக்கம் தவறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு ஞாயிறும் சற்று முன்னதாகவே பொத்தானை அழுத்தியிருக்கிறார். எனக்குக் கிடைத்த தரவு அந்தப் பதற்றத்தின் கொடை.

இத்தகைய நாடாக்கள் ஏன் இவ்வளவு அரிதாயின என்பதற்கு விடை, இந்தியக் குடும்பங்கள் தொலைக்காட்சிப் பெட்டியையும் பதிவுக்கருவியையும் தேர்ந்த முறையில் இருக்கிறது.

1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனையாகத் தொடங்கிய ஒளிபரப்பு, 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத்துக்கு மாறியது. தேசிய நிகழ்ச்சி வரிசையும் அவ்வாண்டே தொடங்கிற்று. வி.சி.ஆர். இந்திய வீடுகளுக்குப் பரவலாக வந்ததும் இதே ஆண்டுகளில்தான். இந்தியா ஏற்றிருந்தது 625 வரிகள் கொண்ட பி.ஏ.எல். முறை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த பெட்டி இங்கு ஒத்துப்போனது. அமெரிக்காவிலிருந்து ஆசையாக வாங்கி வந்த என்.டி.எஸ்.சி. பெட்டி, பல முறைகளையும் ஏற்கும் வகையாக இல்லாவிடில், அலங்காரப் பொருளாகவே நின்றது.

ஆனால் வி.சி.ஆர். வாங்கியோர் எதற்காக வாங்கினர்? பெரும்பாலும் பதிவு செய்வதற்கு அன்று, திரைப்படம் போட்டுப் பார்ப்பதற்கு. மேலைநாடுகளில் இக்கருவியின் பயன், ஒளிபரப்பைப் பதிந்து பின்னொரு வேளையில் காண்பது என்று பேசப்பட்டது. பெரும்பாலான இந்திய வீடுகளில் இருந்ததோ ஒரே அலைவரிசை. இரண்டு நிகழ்ச்சிகள் மோதிக்கொள்ளும் சிக்கலே எழவில்லை. நம்மூரில் ‘டெக்’ என்ற சொல்லும் வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் மூன்று படம் பார்க்கும் வழக்கமும் பிரிக்க முடியாதவை. வட இந்திய நகரங்களிலும் வீடியோ நூலகங்களே இக்கருவியின் சந்தையை வளர்த்தன. 1984ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் வீடியோ படங்களின் உறையில் குறிக்க வேண்டிய விவரங்களை வரையறுத்ததும் திருட்டு நாடா வணிகத்தை மனத்தில் கொண்டே. வீட்டில் ஒளிபரப்பைப் பதிய வேண்டும் என்ற ஆசை பரவலாக எழுந்தது, என் கணிப்பில், 1987 ஜனவரியில் ‘ராமாயண்’ தொடங்கிய பிறகுதான்.

அப்படிப் பதிந்தவர்களும் நாடாவின் விலைக்கு அஞ்சினர். ஈ-180 நாடாவில் இயல்பு வேகத்தில் மூன்று மணி நேரம் பதியலாம். ‘எல்.பி.’ வசதி இருந்த கருவியில் வேகத்தைப் பாதியாக்கி ஆறு மணி நேரம் பதியலாம். படம் சற்று மங்கும், அவ்வளவுதானே என்று எண்ணியிருப்பர். ஒலிக்கு நேர்ந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சாதாரண வி.எச்.எஸ். கருவியில் ஒலி, நாடாவின் விளிம்பில் ஒரு நேர்கோட்டுத் தடத்தில் பதிவாகிறது. இயல்பு வேகத்திலேயே நாடா நொடிக்கு 2.34 செ.மீ. தான் நகர்கிறது, எல்.பி.யில் அதில் பாதி. வேகம் குறையக் குறைய உயர் அதிர்வெண்கள் முதலில் அழியும். ‘ஸ்’ என்ற உரசொலியின் ஆற்றல் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே குவிகிறது. ‘ஷ்’ அதைவிடத் தாழ்ந்த பகுதியில் தொடங்குகிறது. சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த தூர்தர்ஷன் இந்தியில் இவ்விரண்டின் வேறுபாடே என் ஆய்வின் மையம். டெல்லி ஆசிரியர் சிக்கனமானவர். ஆறு பேச்சுகளில் நான்கு எல்.பி.யில் உள்ளன. அவற்றின் நிறமாலைப் படத்தில் மேற்பகுதி ஏறக்குறைய வெறுமை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண ஒலிநாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுவது, அதாவது வி.எச்.எஸ்.ஸின் இயல்பு வேகத்தைப் போல் இருமடங்கு. வி.சி.ஆர். வாங்க வழியில்லாத வீடுகளில் தொலைக்காட்சியின் முன்னே ‘டூ-இன்-ஒன்’னை வைத்துப் பாட்டைப் பதிந்தனர் அல்லவா? குழந்தையின் அழுகையும் குக்கர் விசிலும் ஊடே கேட்டாலும், உரசொலிகளைப் பொறுத்தவரை அந்த ஏழைப் பதிவு விலையுயர்ந்த பதிவை வெல்லக்கூடும்.

எண்முறைக் கருவிகள் வந்ததும் இந்தக் குறைகள் தீர்ந்தன என்றே நானும் நம்பினேன். 2008க்குப் பின் வன்தட்டு பொருத்திய செட்டாப் பெட்டிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. 2012 இறுதியில் பெருநகரங்களின் கேபிள் எண்முறைக்கு மாறத் தொடங்கியது. ஒளிபரப்பான எண்தரவையே சேமிப்பதால் தரம் குன்றுவதில்லை. ஆனால் கட்டண ஒளிபரப்பின் பதிவு குறியாக்கம் செய்யப்பட்டு அந்தப் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தது. யு.எஸ்.பி. வழியே பதியும் தொலைக்காட்சிகள் பலவற்றிலும் இதே நிலை: பதிந்த பெட்டியில் மட்டுமே அது ஓடும். என் பெற்றோர் வீட்டில் சந்தா முடிந்து பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது நான்கு ஆண்டுப் பதிவுகளும் அதனுடன் போயின. 1989இன் மங்கலான நாடா கைமாறி என்னை வந்தடைந்தது. 2013இன் துல்லியமான பதிவு எங்கும் இல்லை.

எஞ்சிய நாடாக்களுக்குத் தட்டைத்திரை எமனாயிற்று. பழைய 51 செ.மீ. குழாய்த் திரையில் நாடாவின் குறைகள் கண்ணை உறுத்தவில்லை. பெரிய எல்.சி.டி. திரை வாங்கிய வீட்டில் அதே நாடா சேறு பூசியதுபோல் தெரிந்தது. பழுது நாடாவில் என்று முடிவுகட்டி வீசினர். 2016இல் ஃபுனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியதோடு புதிய வி.சி.ஆர். கிடைப்பதும் நின்றது.

இப்போது சிலர் வீட்டு நாடாக்களைக் கடையில் கொடுத்து எண்முறைக்கு மாற்றுகிறார்கள். அங்கே வழக்கமாகத் தொடரின் முன்னும் பின்னும் உள்ளவற்றை ‘தேவையற்றவை’ என வெட்டிவிடுகிறார்கள். விளம்பரமும் அறிவிப்பாளர் முகமும் வெற்றுத்திரையும் சேர, நாடாவை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே மாற்றித் தரச் சொல்லுங்கள், ஒலியை எம்.பி.3 ஆக்காமல் ‘வேவ்’ கோப்பாகக் கேளுங்கள். எந்த மொழி ஒளிபரப்பாயினும் அத்தகைய நாடா உங்களிடம் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். அஞ்சல் செலவு என்னுடையது.