சஸ்காச்சுவான் தொழிலாளர் கூட்டமைப்பும் வேலைநிறுத்த உரிமையும்

சஸ்காச்சுவான் தொழிலாளர் கூட்டமைப்பு, கனடாவின் மேற்குச் சமவெளியில் உள்ள சஸ்காச்சுவான் மாகாணத்துத் தொழிற்சங்கங்களின் பொது அமைப்பாகும். கனடியத் தொழிலாளர் காங்கிரசின் மாகாணக் கிளையாகச் செயற்படும் இதில் இணைந்துள்ள சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 1 இலட்சம். மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே 12 இலட்சத்தைச் சற்றுத் தாண்டுவதுதான். சிறிய மாகாணத்தைச் சேர்ந்த இந்த அமைப்பு தொடுத்த வழக்கொன்றில்தான், 2015 ஜனவரி 30 அன்று கனடிய உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்த உரிமை அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு வழிவகுத்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கூட்டமைப்பு என்றால் என்ன?

ஒரு தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களுக்காகத் தன் முதலாளியுடன் ஊதியம், வேலை நேரம், விடுப்பு ஆகியவை பற்றிப் பேரம் பேசுகிறது. கூட்டமைப்பின் வேலை வேறு. அது எந்த முதலாளியுடனும் ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை. கனடாவில் பெரும்பாலான தொழிலாளர்களுக்குரிய சட்டங்களை இயற்றும் அதிகாரம் மாகாணச் சட்டமன்றங்களிடமே இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம், பணியிடப் பாதுகாப்பு, விபத்து இழப்பீடு, சங்கம் அமைக்கும் முறை ஆகிய அனைத்தும் மாகாண அரசின் கையில் உள்ளன. மருத்துவமனை, பள்ளி, மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளும் அவ்வாறே. எனவே பல சங்கங்கள் ஒன்றுகூடி, மாகாண அரசிடம் ஒரே குரலில் பேசுவதற்காக அமைத்துக்கொண்டவையே மாகாணத் தொழிலாளர் கூட்டமைப்புகள். 1956ஆம் ஆண்டில் கனடாவின் இரு பெரும் தொழிலாளர் மைய அமைப்புகள் இணைந்து கனடியத் தொழிலாளர் காங்கிரசு உருவானது. அதையொட்டி மாகாணங்களிலும் தனித்தனியே இயங்கிய கூட்டமைப்புகள் ஒன்றாயின.

சுரங்கத்திலிருந்து சட்டமன்றம் வரை

சஸ்காச்சுவானின் தொழிலாளர் வரலாறு இரத்தம் சிந்திய வரலாறு. 1931 செப்டம்பர் 29 அன்று பியன்ஃபே பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், தங்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு கோரி எஸ்டெவன் நகரில் ஊர்வலம் சென்றபோது காவலர்கள் சுட்டதில் மூன்று சுரங்கத் தொழிலாளர்கள் இறந்தனர். 1935 ஜூலை 1 அன்று, ஒட்டாவா நோக்கிப் பயணம் செய்த வேலையற்றோரைத் தலைநகர் ரெஜைனாவில் காவல்துறை தடுத்தபோது பெருங்கலவரம் மூண்டது.

1944இல் நிலைமை மாறியது. டாமி டக்ளஸ் தலைமையிலான கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்ற கட்சி ஆட்சிக்கு வந்து, அவ்வாண்டே தொழிற்சங்கச் சட்டத்தை நிறைவேற்றியது. தனியார் தொழிலாளர்களுக்கு மட்டுமன்றி அரசு ஊழியர்களுக்கும் சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை அச்சட்டம் அளித்தது. வட அமெரிக்காவில் இதற்கு அதுவே முன்னோடி. தொலைபேசி, மின்சாரம், வாகனக் காப்பீடு, பேருந்து ஆகிய துறைகளில் அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களும் அந்த ஆண்டுகளில் வளர்ந்தன. இவற்றை அங்கே கிரவுன் நிறுவனங்கள் என்பர்.

பொதுச் சேவைகளும் தொழிலாளர் இயக்கமும்

தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினரின் ஊதியத்துக்காக மட்டுமே போராடுவன என்ற கருத்துப் பரவலாக உண்டு. சஸ்காச்சுவானின் அனுபவம் இதற்கு மாறானது. 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அதன் அடுத்த படியாக, மருத்துவரின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் திட்டத்தை ஆராய ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டபோது, அதில் தொழிலாளர் தரப்பைச் சேர்ந்தவராகக் கூட்டமைப்பின் நிர்வாகி வால்டர் ஸ்மிஷெக் இடம்பெற்றார். 1962 ஜூலை 1 அன்று திட்டம் தொடங்கியதும் மருத்துவர்கள் தம் சேவையை நிறுத்தினர். 23 நாள்கள் நீடித்த அந்த நெருக்கடி சாஸ்கடூன் உடன்பாட்டுடன் முடிந்தது. பின்னாளில் கனடா முழுவதற்கும் விரிந்த பொது மருத்துவக் காப்பீட்டுக்கு இத்திட்டமே வித்து. ஸ்மிஷெக் பிற்பாடு ஆலன் பிளேக்னியின் அரசில் சுகாதார அமைச்சரானார்.

அதே பிளேக்னி அரசு 1972இல் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆபத்தை அறிந்துகொள்ளும் உரிமை, பாதுகாப்புக் குழுவில் பங்கேற்கும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை என்ற மூன்றும் தொழிலாளருக்கு உண்டு என்ற கொள்கை அங்கிருந்துதான் மற்ற மாகாணங்களுக்குப் பரவியது.

1980களில் கிரான்ட் டிவைனின் முற்போக்குப் பழமைவாதக் கட்சி அரசு கிரவுன் நிறுவனங்களை விற்கத் தொடங்கியது. 1989இல் இயற்கை எரிவாயு நிறுவனமான சாஸ்க் எனர்ஜியை விற்க முயன்றபோது, எதிர்க்கட்சியினர் சட்டமன்றத்தை விட்டு வெளியேறினர். வாக்கெடுப்புக்கு அழைக்கும் மணி 17 நாள்கள் ஒலித்துக்கொண்டே இருந்தது. மக்களின் எதிர்ப்பு வலுத்ததால் அரசு பின்வாங்கியது. அதே ஆண்டில் பொட்டாஷ் உர நிறுவனம் தனியார்மயமாவதை மட்டும் தடுக்க இயலவில்லை.

1987இன் தோல்வி

கனடாவின் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனம் 1982 ஏப்ரல் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. சங்கமாகச் சேரும் சுதந்திரத்தை அதன் 2(ஈ) பிரிவு அனைவருக்கும் உறுதிசெய்கிறது. சேரலாம் என்றால், சேர்ந்தவர்கள் ஒன்றாக வேலையை நிறுத்தவும் செய்யலாமா? சாசனத்தில் இதற்கு நேரடியான விடை இல்லை.

1984இல் சஸ்காச்சுவான் அரசு பால்பண்ணைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் தொழிலாளர் பக்கம் நின்றது. 1986இல் மாகாண அரசு ஊழியர்களை வேலைக்குத் திரும்ப வைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, டிவைன் அரசு சாசனத்தின் 33ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. சாசனத்தின் சில உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் ஒரு சட்டம் ஐந்தாண்டுகள் வரை செல்லும் என்று சட்டமன்றம் அறிவிக்க இடமளிப்பது அப்பிரிவு. கியூபெக்கிற்கு வெளியே ஒரு மாகாணம் அதை நடைமுறையில் பயன்படுத்தியது அப்போதுதான்.

1987 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று வழக்குகளில் ஒருசேரத் தீர்ப்பளித்தது. அவற்றுள் ஒன்று சஸ்காச்சுவான் பால்பண்ணை வழக்கு. வேலைநிறுத்தம் சாசனத்தால் காக்கப்பட்ட உரிமை அன்று என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. அவற்றுள் அல்பர்ட்டா வழக்கில் தலைமை நீதிபதி பிரையன் டிக்சன் மாறுபட்ட கருத்தை எழுதினார். தனியாளாக முதலாளியின் முன் நிற்கும் தொழிலாளி பலமற்றவர்; கூட்டாகச் செயற்படும் ஆற்றலே அவருக்குள்ள பலம் என்பது அவர் வாதத்தின் சாரம். அக்கருத்து 28 ஆண்டுகள் காத்திருந்தது.

2008ஆம் ஆண்டுச் சட்டங்கள்

2007 நவம்பரில் பிராட் வால் தலைமையிலான சஸ்காச்சுவான் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அடுத்த மாதமே இரு மசோதாக்கள் முன்வைக்கப்பட்டன. 2008 மே மாதத்தில் அவை சட்டமாயின.

முதலாவது, பொதுச் சேவை இன்றியமையாப் பணிகள் சட்டம். இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1999இல் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். உடனே திரும்பும்படி அப்போதைய புதிய ஜனநாயகக் கட்சி அரசு சட்டம் இயற்றியும் அவர்கள் பணியவில்லை. 2006-07 குளிர்காலத்தில் சாலைப் பனியை அகற்றும் ஊழியர்களும் சிறைக் காவலர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சஸ்காச்சுவானின் குளிர்காலத்தில் பனி மூடிய சாலை உயிராபத்தைத் தருவது. ஆகவே மக்களின் பாதுகாப்புக் குறித்த அரசின் கவலை ஆதாரமற்றதன்று.

சிக்கல் சட்டத்தின் அமைப்பில் இருந்தது. எந்தப் பணிகள் இன்றியமையாதவை என்பதில் சங்கத்துக்கும் முதலாளிக்கும் உடன்பாடு ஏற்படாவிட்டால், முதலாளியே தனித்து முடிவுசெய்யலாம். பொதுத் துறையில் அந்த முதலாளி அரசோ அரசு சார்ந்த நிறுவனமோ ஆகும். யார் யார் வேலையில் இருக்க வேண்டும் என்று பெயர் குறித்துப் பட்டியலிடவும் அதற்கு அதிகாரம் இருந்தது. பட்டியலில் உள்ளவர், இன்றியமையாத வேலையை மட்டுமன்றித் தம் வழக்கமான கடமைகள் அனைத்தையும் செய்தாக வேண்டும். ஆட்டத்தில் ஒரு தரப்பாக நிற்பவரே நடுவராகவும் இருப்பது போன்ற ஏற்பாடு இது.

இரண்டாவது, தொழிற்சங்கத் திருத்தச் சட்டம். புதிதாகச் சங்கம் அமைக்க வாக்கெடுப்புக் கோருவதற்கு முன்பு 25 விழுக்காட்டுத் தொழிலாளரின் எழுத்துவழி ஆதரவு போதுமாயிருந்தது. அது 45 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இரகசிய வாக்கெடுப்பும் கட்டாயமாக்கப்பட்டது.

ஏழாண்டு வழக்கு

அன்று கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் லாரி ஹ்யூபிச். 2008 ஜூலையில் கூட்டமைப்பும் பல சங்கங்களும் இரு சட்டங்களையும் எதிர்த்து வழக்குத் தொடுத்தன. தொழிலாளர் தரப்பு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிடமும் முறையிட்டது. சட்டங்களைத் திருத்துமாறு அதன் சங்கச் சுதந்திரக் குழு 2010இல் பரிந்துரைத்தது. ஆனால் அப்பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

2012 பிப்ரவரியில் மாகாண விசாரணை நீதிமன்றத்தின் நீதிபதி டெனிஸ் பால், இன்றியமையாப் பணிகள் சட்டம் சாசனத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். 2013 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒருமனதாக மாற்றியது. 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே மாற்றாதவரை கீழ்நீதிமன்றங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை என்பது அதன் நிலைப்பாடு. எனவே விடை ஒட்டாவாவிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஐவர் கூட்டமைப்பின் பக்கம் நின்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரோசலி அபெல்லா. கூட்டுப் பேரம் பேசும் உரிமை உண்டு என 2007இலேயே நீதிமன்றம் ஏற்றிருந்தது. வேலைநிறுத்தம் செய்யும் வாய்ப்பே இல்லாதவர்களிடம் பேரம் பேசும் பலம் எங்கிருந்து வரும் என்பதே இத்தீர்ப்பின் மையக் கருத்து. இன்றியமையாப் பணிகளுக்காக வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் முதலாளி தனித்து முடிவெடுப்பது, அம்முடிவை முறையாக மறுபரிசீலிக்க வழியில்லாதது, உரிமை பறிக்கப்பட்டவர்களுக்கு நடுவர் தீர்ப்பு போன்ற மாற்று வழி தராதது ஆகிய மூன்றையும் குறைகளாகச் சுட்டியது. சட்டத்தைத் திருத்த ஓராண்டு அவகாசமும் அளித்தது.

நீதிபதிகள் ரோத்ஸ்டீனும் வாக்னரும் இதற்கு உடன்படவில்லை. தொழிலாளர், முதலாளி, பொதுமக்கள் ஆகியோரின் நலன்களைச் சமன்செய்வது சட்டமன்றத்தின் பணி. அதில் நீதிமன்றம் ஒரு தரப்பின் கையை நிரந்தரமாக வலுப்படுத்தக் கூடாது என்றனர். கூட்டமைப்பின் வெற்றியும் முழுமையானதன்று. 45 விழுக்காட்டு விதியைக் கொண்ட இரண்டாவது சட்டம் செல்லும் என்றே நீதிமன்றம் கூறியது.

தீர்ப்புக்குப் பின்

மாகாண அரசு 2015இல் சட்டத்தைத் திருத்தியது. 2016 முதல், உடன்பாடு ஏற்படாத இடங்களில் தனித் தீர்ப்பாயம் ஒன்று முடிவுசெய்யும் முறை வந்தது. எஞ்சும் ஊழியர்களைக் கொண்டு வேலைநிறுத்தம் பொருளற்றதாகிவிடும் என்றால், நடுவர் தீர்ப்புக்குச் செல்லவும் வழி செய்யப்பட்டது.

எனினும் நீதிமன்றத்தால் காக்க முடியாதவையும் உண்டு. 1946இல் தொடங்கிய மாகாணப் பேருந்து நிறுவனம், 2017 வரவுசெலவுத் திட்டத்தில் கைவிடப்பட்டு, மே 31 அன்று தன் ஓட்டத்தை நிறுத்தியது. 200க்கும் மேற்பட்ட ஊர்களை இணைத்த பேருந்துகள் அவை. சொந்த வாகனம் இல்லாத முதியோரும், நகர மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய சிற்றூர் நோயாளிகளும், தொழிலாளர்களோடு சேர்ந்து இழப்பை ஏற்றனர். அதே ஆண்டில் கிரவுன் நிறுவனங்களின் 49 விழுக்காடு வரையிலான பங்குகளை விற்க இடமளித்த சட்டத்தை மட்டும், பரவலான எதிர்ப்பைக் கண்ட வால் அரசு திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

33ஆம் பிரிவும் மறையவில்லை. 2022 நவம்பரில் ஒன்டாரியோ அரசு பள்ளி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க அப்பிரிவைப் பயன்படுத்திச் சட்டம் இயற்றியது. சுமார் 55,000 ஊழியர்களைக் கட்டுப்படுத்திய அச்சட்டத்தை மீறி அவர்கள் வெளிநடந்தனர். பிற சங்கங்களும் அவர்களோடு அணிதிரண்டதால், சில நாள்களிலேயே அரசு அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

1987இல் நீதிமன்றம் மறுத்ததை 2015இல் நீதிமன்றம் தந்தது. நீதிமன்றம் தந்ததை 33ஆம் பிரிவின் துணையோடு ஒரு சட்டமன்றம் இடைநிறுத்தவும் முடியும். ஒன்டாரியோவில் அவ்வாறு நடந்தபோது அந்த உரிமையை மீட்டுத் தந்தது வழக்கு அன்று. வேலைக்குப் போகாமல் தெருவில் நின்ற பள்ளி ஊழியர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மற்றச் சங்கத்தாருமே.