கல்பாக்கத்துக் கழிவுத் தொட்டிகளும் கண்காணிப்பின் வரலாறும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையைக் கடந்து, கோட்டக்குப்பம், மரக்காணம் வழியாக வடக்கே செல்லும் கடற்கரைச் சாலை நூறு கிலோமீட்டருக்குள் கல்பாக்கத்தை எட்டுகிறது. மின்சாரம் தரும் உலைகளால் பெயர் பெற்ற அவ்வூரில், எரிந்து முடிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் மறுபதன ஆலையும், அந்தப் பணியில் மிஞ்சும் கதிரியக்கத் திரவத்தைத் தேக்கி வைக்கும் தொட்டிகளும் இருப்பது பலரும் அறியாதது.

2003 ஜனவரி 21 அன்று அத்தொட்டிகள் இருந்த பகுதியில், வீரியம் குறைந்த கழிவு என்று நம்பித் தொழிலாளர்கள் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வால்வு பழுதானதால் வீரியம் மிக்க கழிவு அங்கே வந்து கலந்திருந்தது. அந்த இடத்தில் கதிர்வீச்சை அளந்து எச்சரிக்கும் கருவி பொருத்தப்படவில்லை. எடுத்த மாதிரியைச் சோதித்த பின்னரே நேர்ந்தது தெரியவந்தது. ஆறு பேர் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சுக்கு ஆளாயினர். மில்லிசீவர்ட் என்பது கதிர்வீச்சு உடலுக்கு விளைவிக்கும் ஊறை மதிப்பிடும் அலகு. இத்தொழிலில் உள்ள ஒருவர் எந்த ஓராண்டிலும் பெறக்கூடிய உச்ச அளவாக இந்திய விதிகள் வகுத்தது 30 மட்டுமே. அதன் பிறகும் ஆலை உடனே நிறுத்தப்படவில்லை. முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் உள்ளிட்ட கோரிக்கைகளைத் தொழிலாளர் சங்கம் எழுதிக் கொடுத்து, பதில் வராத நிலையில் வேலைநிறுத்தமும் செய்தது. நாட்டு மக்கள் செய்தியை அறிய அரையாண்டு ஆயிற்று.

இதை ஒரு வால்வின் பழுதாக மட்டும் கருதுவது போதாது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983 நவம்பர் 15 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. கதிரியக்கக் கழிவுகளை அகற்றுவதற்கான விதிகள் 1987இல் வந்தன. ஆனால் 2000 ஏப்ரலில் பிறந்த ஓர் ஆணை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்களை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கி, அவற்றின் பாதுகாப்பை அந்த மையத்திடமே ஒப்படைத்தது. கல்பாக்கம் மறுபதன ஆலையும் அவற்றுள் அடங்கும். கழிவைத் தேக்குபவரே அதன் காவலையும் மேற்பார்வையிடும் ஏற்பாடு, வெளியார் கேள்வி கேட்க வழியில்லாத ஏற்பாடாகும். தொழிலாளரின் குரல் மேலெழ அத்தனை காலம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கொள்ளவேண்டும்.

1954 வரை முத்தியால்பேட்டையை ஆண்ட பிரான்சும், கண்காணிப்பு தனித்து இயங்கவேண்டும் என்ற பாடத்தைத் தாமதமாகவே கற்றது. நார்மண்டியில் லா மான்ஷ் கழிவுக் கிடங்கு 1969இல் திறக்கப்பட்டு 1994இல் மூடப்பட்டது; இடையில், 1976இல், டிரிட்டியம் கசிந்து அருகிலிருந்த ஓடையில் கலந்தது. மூடிய கிடங்கை 300 ஆண்டு காக்கவேண்டும் என்ற கணக்கு, சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டாகும் என்பதிலிருந்து வந்தது; பத்து மடங்கு காலம் கடந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். புளூட்டோனியத்துக்கு அக்கணக்கு பொருந்தாது. அது பாதியாகக் குறையவே 24,000 ஆண்டாகும். அதனால் பழைய கழிவைத் தோண்டி எடுத்துவிடலாம் என்றாலோ, எடுக்கும் தொழிலாளருக்கே ஆபத்து உண்டு. அணுப் பாதுகாப்பை மேற்பார்க்கும் அமைப்பைத் தன்னாட்சி உடையதாக்கும் சட்டம் அந்நாட்டில் 2006இல்தான் இயற்றப்பட்டது.

இந்தியாவில் அத்தகைய நோக்குடன் 2011இல் கொண்டுவந்த மசோதா, 2014இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. அதற்கு முன்பே, 2012இல், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அணு நிலையங்களை மூடிச் சுத்தப்படுத்துவது குறித்து வாரியம் கையேடு வெளியிட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும், முப்பதாண்டு ஓடியவையும் நிறுத்தப்பட்டவையும் உட்பட எந்த அணுமின் நிலையத்துக்கும் அதற்கான திட்டம் இல்லை என்று பதிவு செய்திருந்தது.