போஸ்ட் கார்டு போதும்

உங்களை ஒன்று கேட்கிறேன். ராப்பகலாகக் கண்விழித்து ஒரு சரக்கைத் தயார் செய்கிறீர்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் அதை உபயோகித்துப் பார்த்துவிட்டு, பிரமாதம், எவ்வளவு பணம் அனுப்பட்டும் என்று அவர்களாகவே கேட்கிறார்கள். உங்களுக்கோ கம்ப்யூட்டர் வாங்கிய தவணைக் கடன் பாக்கி. என்ன சொல்வீர்கள்?

ஹெல்சிங்கியில் 21 வயதுப் பையன் ஒருவன் 1991-ல் சொன்ன பதில்: பணம் வேண்டாம், உங்கள் ஊரிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள், போதும்.

லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மைக் குடும்பம். அப்பா, அம்மா இருவருமே பத்திரிகைக்காரர்கள். ஆகவே பணப்புழக்கம் பற்றி நான் தனியே விளக்க வேண்டியதில்லை. தாத்தா மட்டும் புள்ளியியல் பேராசிரியர். 1981 வாக்கில் ஒரு கமடோர் விக்-20 வாங்கினார். அவர் காகிதத்தில் எழுதிய புரோகிராம்களை, பேரன் அவர் மடியில் உட்கார்ந்து டைப் அடிப்பான். பிள்ளையார் சுழி அங்கே விழுந்தது.

கல்லூரிக்குப் போனான். அங்கிருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் 16 பேர்தான் வேலை செய்ய முடியும். யார் போய் க்யூவில் நிற்பது? 1991 ஜனவரியில் தவணையில் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கினான். பேராசிரியர் டேனன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ் என்ற குட்டி யூனிக்ஸை அதில் போட்டான். வீட்டிலிருந்தே மோடம் வழியாகக் கல்லூரிக் கம்ப்யூட்டரைத் தொட ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தான். அவ்வளவுதான் திட்டம்.

ஆனால் டவுன்லோட் செய்ததைச் சேமிக்க வேண்டுமே? டிஸ்க்கைக் கையாளும் பகுதியை எழுதினான். ஃபைல்களைப் பிரித்து வைக்க இன்னொரு பகுதி. எழுத எழுத அது ஆபரேட்டிங் சிஸ்டமாகவே வளர்ந்து நின்றது. ஒருநாள் மோடத்துக்குப் போகவேண்டிய டயல் கட்டளையைக் கைதவறி ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டான். மினிக்ஸ் காலி! வேறொருவராயிருந்தால் தலையில் கைவைத்திருப்பார். பையன், இனி நம்ம சரக்கே போதும் என்று முடிவெடுத்தான்.

ஆகஸ்ட் 25, 1991. இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்று அடக்கமாக இணையத்தில் அறிவித்தான். செப்டம்பரில் முதல் பதிப்பு. சுமார் 10,000 வரிகள். அவன் யோசித்து வைத்திருந்த பெயர் 'ஃப்ரீயாக்ஸ்'. சர்வரில் இடம் கொடுத்த நண்பர் ஆரி லெம்கேவுக்கு அது பிடிக்கவில்லை. 'லினக்ஸ்' என்று அவரே பெயர் சூட்டிவிட்டார்.

போஸ்ட் கார்டுகள் உலகமெங்கிருந்தும் வந்து குவிந்தன. அண்ணன் ராத்திரியெல்லாம் என்ன செய்கிறான் என்றே தெரியாத தங்கைக்கு ஒரே ஆச்சரியம். பிறகு ரசிகர்களே உண்டியல் குலுக்கி, அந்தக் கம்ப்யூட்டரின் தவணை பாக்கியையும் அடைத்தார்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. முதலில் அவன் போட்ட நிபந்தனை, இதை வைத்து யாருமே காசு பார்க்கக்கூடாது என்பது. ஃப்ளாப்பியில் நகலெடுத்துக் கொடுப்பவருக்கு ஃப்ளாப்பி விலையாவது வேண்டாமா என்று கேட்டார்கள். நியாயம்தானே? 1992-ல் உரிமத்தை மாற்றினான். விற்றுக்கொள், சம்பாதித்துக்கொள், ஆனால் திருத்தி வெளியிட்டால், திருத்திய மூலநிரலையும் சேர்த்துக் கொடு.

தான் சம்பாதிக்காததைப் பிறர் சம்பாதிக்கட்டும் என்று கதவைத் திறந்துவிட எத்தனை பேருக்கு மனசு வரும்? அந்தக் கதவு வழியாகத்தான் கம்பெனிகள் வந்தன, பல்லாயிரம் புரோகிராமர்கள் வந்தார்கள். ஆண்ட்ராய்ட் போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். 2017 நவம்பர் பட்டியலில், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் லினக்ஸ்!

லினஸ் ஒன்றும் சன்னியாசியாகிவிடவில்லை. லினக்ஸால் வளர்ந்த ரெட் ஹாட் போன்ற கம்பெனிகள் நன்றிக்கடனாகப் பங்குகள் கொடுத்தன. வாங்கிக்கொண்டார். பழக்கமும் விடவில்லை. 2005-ல் லினக்ஸ் வேலைக்கு ஒரு கருவி தேவைப்பட, சில நாள்களில் 'கிட்' எழுதினார். இன்று புரோகிராமர்களுக்கு அதுதான் அன்றாடச் சோறு. 2011-ல் தன் ஸ்கூபா டைவிங் கணக்கை எழுதிவைக்க 'சப்சர்ஃபேஸ்'. எல்லாம் தனக்காகச் செய்து, ஊருக்குக் கொடுத்தது.

பி.காமில் எனக்குப் பற்று, வரவு இரண்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் போஸ்ட் கார்டுகளை எந்தப் பக்கம் எழுதுவது என்று மட்டும் சொல்லித்தரவில்லை.