எண் போட்ட கற்கள்

இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைகளில், டெர்வென்ட் ஆற்றின் மேல்பள்ளத்தாக்குக்கு நடக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று அணைகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது அணைநீருக்குத் தப்பி ஆற்றின் மேலேறிப் போன ஒரு கல்பாலம்.

அது 17ஆம் நூற்றாண்டுப் பாலம். டெர்வென்ட் கிராமத்தில், பொதிக்குதிரைகள் கடக்கக் கட்டியது. நம் உமணர் மாட்டுவண்டியில் உப்பு கொண்டுபோனார்கள் என்றால், மேடுபள்ளமான இந்த ஊர்களுக்குச் செஷயர் உப்பு குதிரை முதுகில்தான் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகள். முன்னே போகும் குதிரைக்குக் கழுத்தில் மணி. இருபுறமும் பொதி தொங்குமே என்று இத்தகைய பாலங்களின் பக்கச்சுவரைத் தாழ்வாகவே வைப்பார்களாம். வண்டி போக இடமிருக்காது. வண்டிச்சாலை வந்ததும் பொதிக்குதிரைக்கு வேலை போனது. பாலம் மட்டும் நின்றது.

1899இல் ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நான்கு ஊர்களின் குடிநீருக்காக இங்கே அணை கட்டச் சட்டம் வந்தது. கட்ட வந்த தொழிலாளிகளுக்காக பர்ச்சின்லீ என்ற இடத்தில் ஒரு தகர ஊரே எழுந்தது. 1829இல் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பால்மர் காப்புரிமை வாங்கிய நெளிதகடு, ஆஸ்திரேலியா வரை போய்க் கூரையாகிவிட்டு, இங்கே பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் நின்றது. ஹவ்டன் அணை 1912இலும் டெர்வென்ட் அணை 1916இலும் முடிய, ஊரைப் பிரித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு தகர வீடு பக்கத்து ஹோப் கிராமத்துக்குக் குடிபோய், பிற்காலத்தில் அழகு நிலையமும் ஆனது!

நம் மேட்டூர் அணை முடிந்த மறுவருடம், 1935இல், லேடிபவர் என்ற மூன்றாவது அணைக்கு வேலை தொடங்கியது. இந்த முறை ஆஷாப்டன், டெர்வென்ட் என்ற இரண்டு கிராமங்கள் மூழ்க வேண்டும். கல்லறைகளைத் தோண்டி, இறந்தவர்களை பாம்ஃபோர்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். டெர்வென்ட் தேவாலயத்தின் மணி டெர்பியை அடுத்த சாடஸ்டனுக்குப் போனது. பாலத்தையும் பிரித்து, கல்லுக்குக் கல் எண் போட்டு எடுத்து வைத்தார்கள்.

கற்கள் அப்படிக் காத்துக் கிடந்தபோதுதான், 1943இல், உலகப் போரின் நடுவே, பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவிமானங்கள் பயிற்சிக்காக இந்தப் பள்ளத்தாக்கில் தாழப் பறக்க ஆரம்பித்தன. காரணம் ஒரு தற்செயல்: டெர்வென்ட் அணைமேல் இருக்கும் இரண்டு கோபுரங்களும் அவை தாக்கவிருந்த ஜெர்மனியின் மோனே அணையின் கோபுரங்களைப் போலவே இருந்தன. குறிபார்க்கும் கருவி ஒரு முக்கோண மரத்துண்டு. அதில் ஒரு துளை, இரண்டு ஆணி. துளைவழியே பார்க்கும்போது ஆணிகள் இரண்டும் கோபுரங்கள் இரண்டோடு பொருந்தினால் குண்டைப் போட வேண்டிய நேரம். பறக்கும் உயரம் 60 அடி. அந்த மே மாதம் மோனே உடைந்தது. வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1955இல் அந்தத் தாக்குதல் சினிமாவானபோதும் மோனேயாக நடித்தது டெர்வென்ட் அணைதான்.

1945இல் லேடிபவர் நிரம்பியது. தேவாலயக் கோபுரத்தை மட்டும் நினைவாக விட்டிருந்தார்கள். மேட்டூரில் நீர் வற்றும்போது பண்ணவாடியில் தேவாலயக் கோபுரமும் நந்தியும் தலைகாட்டுமே, அதுபோல இதுவும் நீருக்கு மேல் நின்றது. நீந்திப் போய்த் தொடுவார்கள், ஆபத்து என்று 1947 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இருந்த இடத்திலேயே நின்றது போய்விட்டது. பிரித்து எடுத்தது பிழைத்தது.

1959இல், ஹவ்டன் நீர்த்தேக்கத்துக்கும் மேலே, ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் பாலத்தை மறுபடி கட்டினார்கள். வழுக்குப்பாறை என்று தமிழில் சொன்னால் கோவைக்காரர்கள் தங்கள் ஊரை நினைப்பார்கள். டெர்பிஷர் மலைகளில் நடந்து நடந்து எழுதிய ஷெஃபீல்டு பத்திரிகையாளர் ஜான் டெரியின் நினைவுக்காகப் பாலத்தை அங்கே எழுப்பினார்கள். உப்புக் குதிரைகள் போன கல்லின் மேல் இன்று முதுகுப்பை மாட்டியவர்கள் போகிறார்கள்.

2018, 2022 போன்ற வறண்ட ஆண்டுகளில் லேடிபவர் வற்றி டெர்வென்ட் கிராமத்தின் இடிபாடுகள் தெரிந்தன. பார்க்கக் கூட்டம் கூடியது. மற்ற நாட்களில் பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர் ஹவ்டனையும் டெர்வென்டையும் கடந்து இறங்கி, அந்தப் பாலம் முன்பு இருந்த இடத்தின் மேல் போய் நிற்கிறது.