சாம்பிராணிக் காட்டின் உரிமையாளர் யார்?

வாசனைத் திரவியம் என்றதும் மலர்களே நம் நினைவுக்கு வருகின்றன. மலரின் மணமோ விரைவில் மறைந்துவிடும். அதனை நெடுநேரம் நிலைக்கச் செய்வனவற்றுள் மரப்பிசின் முதன்மையானது. சாம்பிராணிப் பிசின், எளிதில் ஆவியாகும் தைலங்கள் பறந்துபோகும் வேகத்தை மட்டுப்படுத்துவதுடன், வனிலாவை ஒத்த தன் இன்மணத்தையும் அவற்றுக்கு அளிக்கின்றது. இப்பிசினை விற்றவரையும் வாங்கியவரையும் வரலாறு அறியும். அதனை எடுத்தவர் யாவர்?

சுமாத்திராத் தீவின் வடக்கே தப்பானூலி மலைநாட்டில் வாழும் பத்தாக் மக்களே அவர்கள். கயிற்றின் துணையால் மரத்தில் ஏறி, பட்டையைச் சுரண்டித் துப்புரவாக்கி, கருவியாற் சிறு காயங்கள் செய்வர். காயத்தில் ஊறும் பால் இறுகுவதற்குச் சில மாதங்கள் செல்லும். பின்னர் மீண்டும் ஏறிப் பிசினைப் பெயர்த்தெடுப்பர். துயருற்ற ஒரு பெண்ணே மரமாகிக் கண்ணீர் வடிக்கிறாள் என்பது அவர்தம் பழங்கதை.

இம்மலைநாட்டின் கற்பூரமும் சாம்பிராணியும் மேற்குக் கரையிலுள்ள பாரூசுத் துறைமுகத்தினூடாகக் கடல் கடந்தன. அதனருகே லோபு துவா என்னுமிடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவினர் பொறித்த அச்சாசனம், கப்பல் தலைவர்கள் பொன்னாகச் செலுத்தவேண்டிய கட்டணத்தைப் பற்றிப் பேசுகின்றது. வணிகனுக்குக் கல்லிலே இடமிருந்தது. காட்டிற் பிசினெடுத்தவனுக்கு அங்கு இடமில்லை.

பெயரின் கதையும் இத்தகையதே. அராபியர் சுமாத்திராவையும் யாவா என்றே வழங்கியமையால், இதனை ‘லுபான் ஜாவி’, அதாவது யாவாக் குந்துருக்கம், என்றனர். ஐரோப்பியர் நாவில் அது ‘பென்சோயின்’ எனத் திரிந்தது. 1833இல் ஜேர்மன் இரசாயன அறிஞர் மிட்செர்லிச், இப்பிசினிலிருந்து பெறப்படும் பென்சோயிக் அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சிப் பெற்ற திரவத்துக்குப் ‘பென்சின்’ எனப் பெயரிட்டார். இன்று நம் மாணவர் பென்சீன் எனப் படிப்பது அதுவே. பாடநூலில் பெயர் நிலைத்தது. பெயரின் பின்னிருந்த காடும் மக்களும் மறைந்தனர்.

இம்மறதி வெறும் ஏட்டளவில் நின்றதன்று. 1870இல் ஒல்லாந்த ஆட்சி, உடைமை நிரூபிக்கப்படாத நிலம் அரசுக்கே சொந்தம் என யாவாவில் விதித்து, பின்னர் சுமாத்திராவுக்கும் அதனை விரித்தது. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் இலங்கையின் காடுகளுக்கும் தரிசு நிலங்களுக்கும் நேர்ந்ததை அறிந்தோர்க்கு இத்தந்திரம் புதிதன்று. தலைமுறை தலைமுறையாகப் பிசினெடுத்தவரிடம் உறுதி இல்லை. ஆகவே உரிமையும் இல்லை என்றாயிற்று.

சுதந்திர இந்தோனேசியாவும் இக்கோட்பாட்டைக் கைவிடவில்லை. காகிதக்கூழ் ஆலைக்கென யூக்கலிப்டஸ் நடும் உரிமம் சாம்பிராணிக் காடுகளின் மீதும் வழங்கப்பட்டது. 2009இல் தம் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்ட பண்டுமான், சிப்பிதுஹுதா ஆகிய ஊர்களின் ஆண்களும் பெண்களும் எதிர்த்தெழுந்தனர். 2013இல் அவர்களிற் பலர் கைதாயினர். அதே ஆண்டு மே மாதத்தில், வழக்காற்றுக் காடு அரசுக் காடன்று என இந்தோனேசிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் ஐயாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட அவர்களின் காட்டை உரிமத்திலிருந்து விலக்குவதாக ஜனாதிபதி ஜோகோ விடோடோ அறிவித்தார்.

நீதிமன்றத்தின் தீர்ப்பும் ஜனாதிபதியின் அறிவிப்பும் தாமாக வந்த கொடைகளல்ல. ஊர் மக்களின் நெடிய போராட்டம் ஈட்டியவை. பென்சீனின் அமைப்பைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், அப்பெயர் பிறந்த காட்டையும் அக்காட்டுக்காகச் சிறைசென்ற மக்களையும் ஒருமுறையேனும் மாணவர்க்கு எடுத்துச் சொல்வாராயின், இரசாயனத்தோடு வரலாற்றையும் கற்பித்தவராவார்.