இணையவழி வகுப்புகளில் மாணவர் பாதுகாப்பு: பள்ளிகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

புதுதில்லி: கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறைகள் கைப்பேசித் திரைக்கு மாறின. பெருந்தொற்று தணிந்த பின்னரும் அவ்வழக்கம் முற்றிலும் மறையவில்லை. 2024 நவம்பரில் தில்லியில் காற்று மாசு கடுமையானபோதும் பள்ளி வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. பள்ளிக்குச் சுற்றுச்சுவரும் காவலரும் உண்டு. இணைய வகுப்புக்கு அந்தப் பாதுகாப்பை ஆசிரியர்களும் பெற்றோருமே ஏற்படுத்தித் தர வேண்டியுள்ளது.

வகுப்புக்குள் நுழைவோர்

வகுப்புக்கான இணைப்பு பொதுக் குழுக்களில் பகிரப்படும்போது, அந்நியர்கள் உள்ளே நுழைந்து ஆபாசக் காட்சிகளைக் காட்டவும் மாணவர்களின் பெயர்களையும் எண்களையும் திரட்டவும் வழி ஏற்படுகிறது. ஜூம் செயலியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது குறித்து மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரலில் அறிவுரை வெளியிட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய கடவுச்சொல், காத்திருப்பு அறை வசதி, நடத்துபவர் மட்டுமே திரையைப் பகிரும் ஏற்பாடு, அனைவரும் வந்தபின் கூட்டத்தைப் பூட்டுதல் ஆகியவை அதில் இடம்பெற்றன. எந்தச் செயலிக்கும் இவை பொருந்தும். மாணவர்கள் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயருடன் இணைந்தால், அறிமுகமற்றவரை ஆசிரியர் எளிதில் அடையாளம் காணலாம்.

வீட்டின் ஒரே கைப்பேசி

பல குடும்பங்களில் பெற்றோரின் கைப்பேசியே பிள்ளையின் வகுப்பறையாகவும் உள்ளது. வங்கிச் செயலி, யுபிஐ, ஒருமுறைக் கடவுச்சொல் அனைத்தும் அதிலேயே இருப்பதால், பரிசு, இலவசப் பாடநூல், விளையாட்டுப் புள்ளிகள் என்று வரும் இணைப்புகள் பணமோசடிக்கு வழிவகுக்கக்கூடும். பணச் செயலிகளுக்குத் தனிப் பூட்டு இடுவதும், யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கூறாதிருப்பதும் நன்று. பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையில்லை என்பதையும் அவர்களுக்கு விளக்க வேண்டும்.

திரை நேரம்

மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டு நெறிமுறைகள், நேரடி இணைய வகுப்புகளுக்கு வரம்பு பரிந்துரைத்தன. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மிகாமலும், 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை அத்தகைய நான்கு அமர்வுகளுக்கு மிகாமலும் நடத்தலாம். மழலையர் வகுப்புக்கு 30 நிமிடங்களே உச்சவரம்பு.

சட்டம் கூறுவது

18 வயது நிறைவடையாத அனைவரும் போக்சோ சட்டத்தின்கீழ் குழந்தைகளே. பாலியல் நோக்கத்துடன் ஒரு குழந்தையை மின்னணு வழியில் தொடர்ந்து தொடர்புகொள்வதும் அச்சட்டப்படி குற்றம். குழந்தைகளின் பாலியல் காட்சிகளை வெளியிடுவோருக்கும் அனுப்புவோருக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ், முதல் முறை 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். எனவே, எச்சரிக்கும் எண்ணத்துடன்கூட அத்தகைய படத்தைப் பெற்றோர் குழுவில் பகிரக் கூடாது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளி நிர்வாகமும் அதை மறைக்க இயலாது.

அச்சமின்றிச் சொல்லும் சூழல்

இத்தனை ஏற்பாடுகளும் பயன் தருவது, நடந்ததைப் பிள்ளை உடனே சொல்லும்போதுதான். சொன்னால் கைப்பேசி பறிக்கப்படும், படிப்பு நின்றுவிடும், பழி தன்மீதே விழும் என்ற அச்சம் பலரை மௌனமாக்குகிறது. மிரட்டுபவர் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தையே. ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்பதே அவரது முதல் ஆயுதமாக இருக்கும். வீட்டில் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டால் அந்த ஆயுதம் வலுவிழக்கிறது. ஆகவே, தவறு நேர்ந்தாலும் தண்டனை இல்லை என்ற உறுதியைப் பெற்றோர் முன்கூட்டியே அளிப்பது அவசியம். வகுப்பாசிரியர் அல்லாத மற்றோர் ஆசிரியரையும் மாணவர்கள் அணுகலாம் என்று பள்ளிகள் அறிவிக்கலாம்.

மிரட்டல் வந்தால், பணமோ மேலும் படங்களோ அனுப்பக் கூடாது. உரையாடலை அழிக்காமல், அனுப்பியவரின் கணக்கு விவரம், எண், நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்து வைத்த பின்னரே அக்கணக்கைத் தடைசெய்ய வேண்டும்.

புகார் அளிக்க

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் உள்ளடக்கம் குறித்துப் பெயர் வெளியிடாமலும் புகார் அளிக்கலாம். இணையப் பணமோசடிக்கு 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு கூடும். குழந்தைகள் தாங்களே உதவி கோருவதற்கு 1098 என்ற எண் உள்ளது. இந்த எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருப்பது நல்லது.